அந்த டிரைவர் சிடி எங்கே?



போன மாதம் சிவகாசி அச்சகங்களைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு, "நம்ம காலத்துக் கம்ப்யூட்டர் பத்தியும் எழுதுங்க சார்" என்று சிலர் கேட்டிருந்தீர்கள். கம்ப்யூட்டர் வரலாறு என்றால் பாபேஜில் தொடங்கி ஸ்மார்ட்போனில் முடிப்பது வழக்கம். அதை எழுத நூறு பேர் இருக்கிறார்கள். நான் எழுதப்போவது ஒரே ஒரு கேள்வியைப் பற்றி. 1990-களின் கடைசியிலிருந்து ஏறக்குறைய பதினைந்து ஆண்டுகள் ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் பள்ளி லேபுகளிலும் டிடிபி கடைகளிலும் அன்றாடம் கேட்ட கேள்வி அது: "அந்த டிரைவர் சிடி எங்கே?"

பாடநூலில் இதற்கு இயக்கி என்று பெயர். நமக்குப் பழகியது டிரைவர்தான், அப்படியே எழுதுகிறேன். "இந்த இடத்தில் ஒரு கோடு போடு" என்று சொல்லத்தான் விண்டோஸுக்குத் தெரியும். கார்டின் எந்தப் பதிவகத்தில் எந்த எண்ணை எழுதினால் திரையில் அந்தக் கோடு விழும் என்பது கார்டைச் செய்தவருக்குத்தான் தெரியும். அவருக்குத் தெரிந்ததை எழுதிவைத்த சிறு நிரல்தான் டிரைவர். அது இல்லையென்றால் கார்டு நல்ல நிலையில் இருந்தும் பயனில்லை. நான் பார்த்தவரை நம்மூரில் கிராபிக்ஸ் கார்டுகள் புகைந்து போனது குறைவு. டிரைவர் கிடைக்காமல் மூலையில் ஒதுக்கப்பட்டவைதான் அதிகம்.

முதலில் டிரைவரே தேவைப்படாத காலம் ஒன்று இருந்தது. 1984-இல் மத்திய அரசு கிளாஸ் என்ற திட்டத்தில் பள்ளிகளுக்கு பிபிசி மைக்ரோ கம்ப்யூட்டர்களைக் கொடுத்தது. அதில் திரைக்கான நிரல் பலகையிலேயே பதிந்திருக்கும். சுவிட்சைப் போட்டால் படம் வந்துவிடும். ஐபிஎம் பிசி வந்தபோது கதை மாறியது. 1981-இல் சிஜிஏ, 1984-இல் இஜிஏ, 1987-இல் விஜிஏ என்று ஐபிஎம் ஒவ்வொன்றாகக் கொண்டுவந்தது. மற்ற நிறுவனங்கள் அதைப் பார்த்துச் செய்தன. விஜிஏ நின்றுவிட்டது. 640க்கு 480 புள்ளிகள், 16 நிறங்கள். இன்றைக்கும் டிரைவர் இல்லாத கம்ப்யூட்டர் ஏதோ ஒரு படத்தைக் காட்டுகிறது என்றால் அந்தப் பழைய விஜிஏவின் வழிவந்த ஏற்பாடுகள்தான் காரணம்.

உங்களில் கல்லூரியில் டர்போ சி படித்தவர்களுக்கு ஒரு ஞாபகம் வரும். கிராபிக்ஸ் நிரல் எழுதி, சி டிரைவில் டிசி, அதற்குள் பிஜிஐ என்று பாதையைத் தப்பாமல் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் 'கிராபிக்ஸ் நாட் இனிஷியலைஸ்டு' என்று திட்டு விழும். அந்த பிஜிஐ ஃபோல்டரில் இஜிஏவிஜிஏ.பிஜிஐ என்று ஒரு கோப்பு இருந்ததே, அதுதான் உங்களில் பலரும் கையால் தொட்ட முதல் கிராபிக்ஸ் டிரைவர். ஹெர்குலிஸ் கார்டுக்கு ஒன்று, சிஜிஏவுக்கு ஒன்று என்று பக்கத்திலேயே மற்றவையும் இருக்கும். அந்தக் காலத்தில் விண்டோஸ் டிரைவர் கொடுக்கவில்லை. ஒவ்வொரு மென்பொருளும் தனக்கு வேண்டிய டிரைவரைத் தானே சுமந்து வந்தது.

சிக்கல் விஜிஏவுக்குப் பிறகுதான் தொடங்கியது. டிரைடென்ட், எஸ்3, சிரஸ் லாஜிக், சிஸ் என்று பல நிறுவனங்கள் விஜிஏவுக்கு மேலே 800க்கு 600, 1024க்கு 768 என்று போனார்கள். ஆனால் ஒவ்வொருவரும் தன் வழியில் போனார்கள். கீழ்த்தளம் எல்லாருக்கும் ஒன்று, மாடிப்படி மட்டும் வேறு வேறு இடத்தில். 1989-இல் வேசா என்ற அமைப்பு உருவாகி ஒரு பொது முறை வகுக்கப் பார்த்தது. டாஸுக்கு அது ஓரளவு உதவியது. விண்டோஸ் 3.1-க்கோ அந்தந்தக் கார்டின் சொந்த டிரைவரே தேவைப்பட்டது. கார்டு வாங்கினால் பெட்டிக்குள் ஒரு பிளாப்பி இருக்கும். அது தொலைந்தால் 16 நிறம்தான்.

16 நிறம் போதாதா என்று கேட்கலாம். எம்எஸ் வேர்டில் லீவ் லெட்டர் அடிக்கப் போதும். ஆனால் நம் பக்கத்துத் தொழில் வேறு. ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா பெட்டி லேபிள், ஆடிப்பூரத் தேருக்கு நோட்டீஸ். சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணிக்குப் பெட்டி அச்சு. ராஜபாளையத்தில் பஞ்சாலைகளுக்கு பில் புத்தகம், நூல் கோன் ஸ்டிக்கர். இதற்கெல்லாம் மேலாகக் கல்யாணப் பத்திரிகை. வடிவமைப்பு இங்கே டிடிபி கடையில் நடக்கும், நிறைய வேலைகள் அச்சுக்கு சிவகாசி போகும். பேஜ்மேக்கரும் கோரல்டிராவும் ஓடும் கம்ப்யூட்டரில் 16 நிறம் வந்தால் பிள்ளையார் படம் புள்ளிக்கோலம் மாதிரித் தெரியும். மஞ்சளுக்கும் சந்தனத்துக்கும் வித்தியாசம் தெரியாது. பெருநகரங்களில் விளையாட்டுக்காகக் கிராபிக்ஸ் கார்டு வாங்கினார்கள். நம்மூரில் பெரும்பாலும் முகூர்த்த நாளுக்காக வாங்கினோம்.

கணக்கு வாத்தியார் ஆயிற்றே, ஒரு கணக்குப் போடாமல் விட முடியுமா? 1 எம்பி நினைவகம் உள்ள கார்டு என்று வையுங்கள். 1024க்கு 768 என்றால் 7,86,432 புள்ளிகள். புள்ளிக்கு ஒரு பைட் கொடுத்தால் 256 நிறம் வரும், கார்டுக்குள் அடங்கும். புள்ளிக்கு இரண்டு பைட் என்றால் 15,72,864 பைட், அடங்காது. 800க்கு 600-க்கு இறங்கினால் இரண்டு பைட் கொடுத்து 65,536 நிறம் பெறலாம், அது 9,60,000 பைட்தான். பேஜ்மேக்கரில் முழுப் பக்கமும் தெரிய வேண்டுமா, நிறம் சரியாகத் தெரிய வேண்டுமா என்று டிடிபி கடைக்காரர் தேர்ந்தெடுத்ததற்குப் பின்னால் இந்தக் கணக்குதான் இருந்தது. டிரைவர் இல்லையென்றால் அந்தத் தேர்வுக்கே இடமில்லை.

சரி, பிளாப்பி தொலைந்துவிட்டது. எந்த டிரைவரைத் தேடுவது? முதலில் கார்டின் பெயர் தெரிய வேண்டும். பெட்டியில் அச்சிட்டிருக்கும் பெயர் விற்றவர் பெயர். நமக்கு வேண்டியது உள்ளே இருக்கும் சிப்பின் பெயர். இதைக் கண்டுபிடிக்க மூன்று வழி இருந்தது. கார்டைக் கழற்றிப் பெரிய சிப்பின் மேல் என்ன எழுதியிருக்கிறது என்று படிப்பது ஒன்று. சுவிட்ச் போட்டதும் திரையின் மேல்மூலையில் ஓரிரு விநாடி ஒரு வரி தோன்றி மறையும், கார்டு தன் பெயரைச் சொல்லும் வரி, அதைப் பிடிப்பது இன்னொன்று. பழைய மானிட்டர் சூடாகிப் படம் காட்டுவதற்குள் அந்த வரி போய்விடும். அதனால் முதலில் மானிட்டரைப் போட்டுக் காத்திருந்துவிட்டு அப்புறம் கம்ப்யூட்டரைப் போடுவோம். மூன்றாவது வழி எனக்கு மிகவும் பிடித்தது. டாஸில் டீபக் என்று அடித்து, டி சி000:0 என்று கொடுத்தால் கார்டின் பயாஸ் நினைவகம் எண்களாக விரியும். வலது ஓரத்தில் அந்த எண்களுக்கிடையே நிறுவனத்தின் பெயர் எழுத்துக்களில் தெரியும். ஹெக்ஸாடெசிமல் எதற்கு சார் படிக்கணும் என்று கேட்டவர்களுக்கு இதைத்தான் காட்டுவேன்.

பிசிஐ பஸ் வந்ததும் இந்தத் துப்பறியும் வேலை எளிதானது. ஒவ்வொரு கார்டும் இரண்டு எண்களைச் சுமந்து வரவேண்டும் என்று விதி வந்தது. ஒன்று நிறுவனத்துக்கு, ஒன்று சிப்புக்கு. இன்டெல் தனக்கு எடுத்துக்கொண்ட நிறுவன எண் 8086, அதாவது அவர்களுடைய புகழ்பெற்ற சிப்பின் பெயர். எஸ்3 எடுத்துக்கொண்டது 5333. ஆஸ்கி அட்டவணையை எடுத்துப் பாருங்கள், ஹெக்ஸில் 53 என்பது ஆங்கில எஸ், 33 என்பது 3 என்ற எழுத்து. தன் பெயரையே எண்ணாக எழுதிக்கொண்டார்கள். சிஸ் 1039, டிரைடென்ட் 1023. 1995 ஆகஸ்டில் வந்த விண்டோஸ் 95 இந்த எண்களைக் கேட்டு வாங்கி, தன் ஐஎன்எஃப் கோப்புகளில் பொருத்தம் பார்க்கும். ஜாதகப் பொருத்தம் போலத்தான். பொருந்தினால் டிரைவர் தானே ஏறும், பொருந்தாவிட்டால் மஞ்சள் கேள்விக்குறி.

2000 வாக்கில் தனிக் கார்டின் இடத்தை மதர்போர்டோடு சேர்ந்த கிராபிக்ஸ் பிடித்தது. இன்டெல் 810 வந்தது 1999-இல். சிஸ் 530, 620, 630 என்று வரிசையாக வந்தன. அசெம்பிள் செய்த கம்ப்யூட்டரின் விலை இறங்கியது. பள்ளிகளுக்கும் வீடுகளுக்கும் கம்ப்யூட்டர் வந்தது இவற்றால்தான். பிளாப்பியின் இடத்துக்கு மதர்போர்டு சிடி வந்தது. ஒரே சிடியில் இருபது போர்டுகளுக்கான டிரைவர்கள், ஃபோல்டர் பெயர்களோ தலையும் புரியாது வாலும் புரியாது. கம்ப்யூட்டர் விற்றவரே சிடியைத் தன்னிடம் வைத்துக்கொள்வதும் உண்டு. டிரைவர் போடத் தன்னைத்தான் கூப்பிட வேண்டும் என்ற வியாபார புத்தி. எங்கள் லேபுக்கு மதுரையிலிருந்து ஒருவர் பத்து கம்ப்யூட்டர் இறக்கினார். சிடி ஒன்றே ஒன்று, அதுவும் வேறு போர்டுக்கானது. கேட்டால் "அடுத்த வாரம் ஆள் வருவான் சார்." அந்த அடுத்த வாரம் வர நான்கு மாதம் ஆயிற்று. அந்த நான்கு மாதமும் பிள்ளைகள் 640க்கு 480-இல், திரைக்குள் அடங்காத ஜன்னல்களை இழுத்து இழுத்து ஸ்டார் ஆபீஸ் படித்தார்கள்.

டிரைவர் மாறிப்போனால் இன்னொரு கூத்து. திரை முழுக்கக் கறுத்துவிடும். எஃப்8 அழுத்தி சேஃப் மோடில் போனால் மறுபடியும் விஜிஏ, 16 நிறம். அங்கிருந்து தவறான டிரைவரை நீக்கிவிட்டு மறுபடி தொடங்க வேண்டும். நடுவில் விண்டோஸ் 98 தன் சொந்த சிடியைக் கேட்கும். அதனால் அந்த சிடியின் வின்98 ஃபோல்டரை முழுவதும் ஹார்டு டிஸ்கில் நகலெடுத்து வைக்கும் பழக்கம் நம்மூர் மெக்கானிக்குகளிடம் இருந்தது. நல்ல பழக்கம்.

இன்டர்நெட்டில் எடுத்தால் என்ன? 1995 ஆகஸ்ட் 15 அன்று விஎஸ்என்எல் பெருநகரங்களில் இணையச் சேவையைத் தொடங்கியது. நம் பக்கம் நெட் சென்டர்கள் பரவ இன்னும் சில ஆண்டுகள் பிடித்தன. 33.6 கேபிபிஎஸ் மோடத்தில் 5 எம்பி டிரைவரை இறக்கக் கணக்குப்படி 21 நிமிடம். நிஜத்தில் லைன் இரண்டு தடவை அறுந்து ஒரு மணி நேரம் ஆகும். இறக்கியதை நான்கு பிளாப்பிகளாகத் துண்டுபோட்டு பஸ்ஸில் எடுத்து வர வேண்டும். ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். அந்தத் தூரத்துக்குள் நான்காவது பிளாப்பி கெட்டுப்போகும். அதனால் நெட்டைவிட இதழ்களோடு வந்த சிடிகளே கைகொடுத்தன. பிசிகுவெஸ்ட், சிப், அப்புறம் டிஜிட். தினமலரின் கம்ப்யூட்டர் மலரில் கேள்வி-பதில் பகுதியை வெட்டி ஒட்டி வைத்திருந்தவர்களும் உண்டு.

இதற்கிடையில் டிரைவர் எழுதியவர்களே காணாமல் போனார்கள். வரலாற்றில் எனக்கு முக்கியமாகப் படுவது இந்தப் பகுதிதான். 1996-இல் வூடூ கார்டால் உலகத்தையே திரும்பிப் பார்க்க வைத்த 3டிஎஃப்எக்ஸ், 2000 டிசம்பரில் தன் சொத்துக்களை என்விடியாவுக்கு விற்க ஒப்புக்கொண்டது. முந்தின வருடம் அந்தக் கார்டை வாங்கியவர்களுக்குப் புது டிரைவர் தர ஆள் இல்லை. ரசிகர்கள் பழைய டிரைவர்களைத் தாங்களே திருத்தி, விண்டோஸ் எக்ஸ்பியில் ஓடும்படி செய்து பகிர்ந்துகொண்டார்கள். எஸ்3 அதே 2000-இல் சோனிக்புளூ என்று பெயர் மாற்றிக்கொண்டது, அதன் கிராபிக்ஸ் பிரிவு வியா கைக்குப் போனது. டிரைடென்டின் கிராபிக்ஸ் பிரிவும் சிஸ்ஸின் கிராபிக்ஸ் பிரிவும் 2003-இல் எக்ஸ்ஜிஐ என்ற புது நிறுவனத்துக்குள் போயின. அதுவும் நெடுநாள் நிலைக்கவில்லை. நிறுவனம் போனால் இணையதளம் போகும், இணையதளத்தோடு டிரைவர் போகும். ஒரு கார்டை எப்படி இயக்குவது என்ற அறிவு அந்த நிறுவனத்தின் பூட்டிய அலமாரிக்குள் இருந்தது. அலமாரியை விற்றார்கள், சாவியைத் தரவில்லை.

நிறுவனம் இருந்தாலும் விண்டோஸ் மாறும். விண்டோஸ் 98-க்கு எழுதிய டிஸ்பிளே டிரைவர் 2001-இல் வந்த எக்ஸ்பியில் ஓடாது. எக்ஸ்பி தன்னோடு நிறைய டிரைவர்களைச் சுமந்து வந்தது, இன்டெல் 810-க்கும் அதில் இருந்தது, அதனால் நாம் அந்த மாற்றத்தை அவ்வளவாக உணரவில்லை. பெரிய அடி 2007-இல் வந்த விஸ்டாவில். டபிள்யூடிடிஎம் என்ற புது முறை வந்தது. இன்டெல் 865, 915 போன்றவற்றுக்கு அந்த முறையில் டிரைவர் வரவே இல்லை. 915 இருந்த கம்ப்யூட்டர்களுக்கு 'விஸ்டா கேப்பபிள்' என்ற ஸ்டிக்கர் ஒட்டி விற்றது பற்றி அமெரிக்காவில் வழக்கே நடந்தது. நம்மூரில் இதன் சூடு தெரிந்தது 2014-இல். ஏப்ரல் 8-ஆம் தேதியோடு எக்ஸ்பிக்கு ஆதரவு நின்றதும் பலர் பழைய 865 போர்டுகளில் விண்டோஸ் 7 போட்டுப் பார்த்தார்கள். திரை அகலமாக இழுத்துப்பிடித்த மாதிரி வந்தது. எக்ஸ்பி டிரைவரை வலுக்கட்டாயமாக ஏற்றினால் சிலவற்றில் ஓடியது. விண்டோஸ் 8-இல் அந்தக் குறுக்குவழியும் அடைபட்டது. டர்போ சி முழுத்திரையில் வரவில்லை என்று நீங்கள் புலம்பியதற்கும் இதே மாற்றம்தான் காரணம், சி மொழி ஒரு பாவமும் செய்யவில்லை.

லினக்ஸ் பக்கம் கதை வேறு மாதிரி ஓடியது. பிசிகுவெஸ்ட் இதழ் 1996 முதல் லினக்ஸ் சிடி கொடுத்தது, அதுல் சிட்னிஸ் அதற்குப் பின்னால் நின்றவர்களில் முக்கியமானவர். தொடக்கத்தில் லினக்ஸில் படம் வரவழைப்பது விண்டோஸைவிடப் பெரிய பாடு. மானிட்டரின் அலைவரிசை எண்களைக் கையால் எழுத வேண்டும், தப்பான எண் கொடுத்தால் மானிட்டரே கெடலாம் என்று எச்சரிக்கை வேறு இருக்கும். ஆனால் ஒருவர் எழுதிய டிரைவரை அடுத்தவர் திறந்து படிக்கலாம், திருத்தலாம். சிஸ் சிப்புகளுக்கு லினக்ஸ் டிரைவரைப் பராமரித்தவர் தாமஸ் வினிஷ்ஹோஃபர் என்ற ஆஸ்திரியர். நிறுவனம் சொல்லாமல் விட்டதையும் துருவித் துருவிக் கண்டுபிடித்து எழுதினார். அவரை நாம் பார்த்ததில்லை. ஆனால் 2003, 2004 வாக்கில் நம் பக்கம் சிஸ் போர்டில் லினக்ஸ் போட்டு 1024க்கு 768 பார்த்த ஒவ்வொருவரும் அவருக்குக் கடன்பட்டவர்கள். என்விடியாவுக்கு நூவோ என்ற டிரைவரும் இப்படித்தான் வெளியிலிருந்து துருவி எழுதப்பட்டது. 2007 செப்டம்பரில் ஏஎம்டி தன் ரேடியான் சிப்புகளின் ஆவணங்களை வெளியிடத் தொடங்கியபோது இந்த வேலை செய்தவர்களுக்குத் தீபாவளி. அதே காலத்தில் நம் எல்காட் நிறுவனமும் சூசே லினக்ஸ் பக்கம் திரும்பியது. 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸோடு சிடாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் வந்தது. பாஸில் திரை தானாகச் சரியாக வந்துவிடும். விண்டோஸை அழித்துவிட்டுக் கடையில் வேறு விண்டோஸ் போட்டுக்கொண்ட பிள்ளைகள்தான் "சார், எழுத்தெல்லாம் பெருசு பெருசாத் தெரியுது" என்று வந்து நிற்பார்கள். டிரைவர் இல்லாத குறைதான்.

லினக்ஸை மட்டும் உயர்த்திப் பிடிக்க மாட்டேன். 2023-இல் வந்த லினக்ஸ் 6.3 கருவிலிருந்து ஐ810, சிஸ், சாவேஜ் போன்ற பழைய சிப்புகளின் முப்பரிமாண வேகத்துக்கான டிரைவர்களை எடுத்துவிட்டார்கள். பராமரிக்க ஆள் இல்லை என்பது காரணம். ஆனால் ஒரு வித்தியாசம். அங்கே எடுத்தது பழைய பதிப்புகளில் அப்படியே கிடக்கிறது, தேவைப்பட்டவர் எடுத்துக்கொள்ளலாம். 2019 கடைசியில் இன்டெல் தன் தளத்திலிருந்து பழைய டிரைவர்களையும் பயாஸ் கோப்புகளையும் நீக்கியபோது, வேறு யாராவது நகல் வைத்திருந்தால்தான் உண்டு என்ற நிலை.

இதெல்லாம் பழங்கதை, இன்றைக்கு இதனால் என்ன என்று கேட்பவர்களுக்கு ஒரு நடந்த விஷயம். நம் பள்ளியின் 2002 ஆண்டு மலர் ஞாபகம் இருக்கிறதா? 64 பக்கம். அச்சான பிரதிகள் ஒன்றுகூட முழுதாக இல்லை. இருந்த ஒன்றையும் மழைத்தண்ணீர் அரித்துவிட்டது. அந்த மலரில் எழுதியவர்களில் இரண்டு பேர் இன்று நம்மோடு இல்லை. அவர்கள் வீட்டாருக்கும் அந்தப் பக்கங்கள் வேண்டியிருந்தன. ஸ்ரீவில்லிபுத்தூரில் அதை வடிவமைத்த டிடிபி கடைக்காரர் பழைய ஹார்டு டிஸ்கைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தார். 2021-இல் அதைப் புதுக் கம்ப்யூட்டரில் மாட்டிப் பார்த்தோம். கோப்புகள் இருந்தன. ஆனால் எல்லாம் பேஜ்மேக்கர் கோப்புகள். தமிழ் எழுத்துரு யூனிகோடுக்கு முந்தியது. அந்த எழுத்துருத் தொகுப்போ பேரலல் போர்ட்டில் செருகும் பூட்டு இருந்தால்தான் திறக்கும். பூட்டு கடைக்காரரின் மேஜை இழுப்பறையில் இருந்தது. அதைச் செருகத்தான் புதுக் கம்ப்யூட்டரில் ஓட்டை இல்லை.

ஆகவே பழைய போர்டு தேடினோம். ராஜபாளையத்தில் ஒரு பழைய சாமான் கடையில் ஒன்று கிடைத்தது. டிஸ்கை மாட்டியதும் விண்டோஸ் 98 எழுந்தது, 16 நிறத்தில். பேஜ்மேக்கர் திறந்தது, பக்கத்தில் பாதியை அதன் கருவிப் பலகைகளே மறைத்தன, புகைப்படங்கள் கோலப்பொடி கொட்டியது போல இருந்தன. எந்தப் படம் எந்த இடத்தில் இருக்கிறது என்று பார்த்துச் சரிசெய்ய முடியாது. டிரைவர் வேண்டும். போர்டின் மேல் பெயர் அழிந்திருந்தது. கம்ப்யூட்டர் எழும்போது வரும் பிசிஐ பட்டியல் திரையை பாஸ் விசையை அழுத்தி நிறுத்தினோம். நிறுவன எண் 1039, சாதன எண் 6300. சிஸ் 630 என்று தெரிந்துவிட்டது. செய்தவர்களிடம் இப்போது கேட்க முடியாது. இன்டர்நெட் ஆர்க்கைவில் யாரோ ஒரு புண்ணியவான் தன் மதர்போர்டு சிடியை அப்படியே நகலெடுத்து ஏற்றியிருந்தார். அதை இறக்கி சிடியாக எழுதினோம். பென் டிரைவில் கொண்டுபோக முடியாது, விண்டோஸ் 98-க்குப் பென் டிரைவைப் படிக்கவே தனி டிரைவர் வேண்டும்!

டிரைவர் ஏறி, மறுதொடக்கம் ஆகி, 1024க்கு 768 வந்தது. 64 பக்கங்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தோம். மூன்று படங்களின் இணைப்பு அறுந்திருந்தது, டிஸ்கிலேயே வேறு ஃபோல்டரில் இருந்து எடுத்துச் சேர்த்தார் கடைக்காரர். பிறகு போஸ்ட்ஸ்கிரிப்ட் கோப்பாக அச்சுக் கொடுத்து, டிஸ்கை மறுபடி புதுக் கம்ப்யூட்டரில் மாட்டி, கோஸ்ட்ஸ்கிரிப்ட் கொண்டு பிடிஎஃப் ஆக்கினோம். குழுவில் நீங்கள் எல்லாரும் பார்த்த அந்த பிடிஎஃப் இப்படி வந்ததுதான். தேடிய நேரத்தில் பெரும்பகுதி இரண்டு எம்பி கூட இல்லாத அந்த டிரைவருக்குத்தான் போனது.

நீங்கள் யாராவது இப்படித் தேடப் போனால் ஒன்றைக் கவனியுங்கள். தேடுபொறியில் முதலில் வருவது பெரும்பாலும் 'எல்லா டிரைவரையும் நாங்களே போட்டுத் தருகிறோம்' என்னும் தளங்கள். பச்சை நிறத்தில் பெரிய பொத்தான் இருந்தால் தொடாதீர்கள். பெயரை வைத்துத் தேடாமல் அந்த இரண்டு எண்களை வைத்துத் தேடுங்கள். பழைய டாஸ் நிரல் மட்டும் ஓடினால் போதும் என்றால் டாஸ்பாக்ஸ் இருக்கிறது. அது தன்னை ஒரு எஸ்3 டிரையோ64 கார்டு என்றே சொல்லிக்கொள்ளும். அந்தக் கார்டைச் செய்த நிறுவனம் அந்தப் பெயரில் இல்லை, கார்டு மட்டும் மென்பொருளுக்குள் ஆவியாக உலவுகிறது. அதற்குள் விண்டோஸ் 3.1 போட்டால் 1990-களின் அதே எஸ்3 டிரைவரைத்தான் தேட வேண்டும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். 1998-லிருந்து 2005 வரை கம்ப்யூட்டர் வாங்கிய வீடு என்றால் பரணில் ஒரு மதர்போர்டு சிடி நிச்சயம் கிடக்கும். சரஸ்வதி பூஜைக்குச் சுத்தம் செய்யும்போது குப்பையில் போட்டுவிடாதீர்கள். வெள்ளி நிறத்தில் கம்பெனி அச்சிட்டது என்றால் பெரும்பாலும் இன்னும் படிக்கும். அடிப்பக்கம் நீலமோ பச்சையோ படிந்த, நாமே எழுதிய சிடி என்றால் அவசரம், அந்தச் சாயம் நாளாக நாளாக வெளிறும். ஐஎஸ்ஓ நகல் எடுத்து, மேலே அச்சிட்டிருக்கும் போர்டு எண்ணையும் பதிப்பு எண்ணையும் கோப்பின் பெயரிலேயே எழுதி, ஆர்க்கைவில் ஏற்றுங்கள். எப்படி ஏற்றுவது என்று தெரியாதவர்கள் என்னிடம் கொடுத்தால் நகலெடுத்துவிட்டுத் திருப்பித் தருகிறேன். சிஸ் 530, மெர்குரி போர்டு சிடிகள், டிரைடென்ட் 9440, 9680 பிளாப்பிகள் இருந்தால் முதலில் கொண்டுவாருங்கள். யூஎஸ்பியில் மாட்டும் 3.5 அங்குல பிளாப்பி டிரைவ் என்னிடம் இருக்கிறது. 5.25 அங்குல பிளாப்பிக்குத்தான் இன்னும் வழி கிடைக்கவில்லை, யாரிடமாவது ஓடுகிற டிரைவ் இருந்தால் கமென்ட்டில் சொல்லுங்கள்.